எந்த ஐ7 அண்ணே?

"ஐ7 ப்ராசசர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 512 ஜிபி எஸ்எஸ்டி. கேமிங், எடிட்டிங் ரெண்டுமே பண்ணலாம். கேபினட்ல கலர் கலரா லைட் எரியும். ஒரு வருஷம் வாரண்டி."

வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணலாம்னு கிளம்பற ஆளுக்கு வாட்ஸப்புல வந்து விழற கொட்டேஷன் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கு. படிச்சதும் புல்லரிக்கும். ஐ7-ன்னா சும்மாவா?

சும்மா தான் சாமிகளா. இந்தப் பதிவோட மொத்தக் கட்சியும் அது தான். மேலே இருக்கிற நாலு விஷயத்துல ஒண்ணு கூட ஒரு பொருளோட பேர் கிடையாது. அரிசிக் கடையில "அரிசி, 25 கிலோ, வெள்ளை மூட்டை"ன்னு மட்டும் எழுதி வெச்சு காசு கேட்டா கொடுப்போமா? பொன்னியா, இட்லி அரிசியா, புதுசா, பழசான்னு கேட்டு, ரெண்டு மணியை வாயில போட்டுப் பார்க்காம நகர மாட்டோம். முப்பதாயிரம் நாப்பதாயிரம் எண்ணிக் கொடுக்கிற இடத்துல மட்டும் "ஐ7-ஆ? சரி, பேக் பண்ணுங்க".

கடைக்காரங்களை மட்டும் திட்டிட்டுப் போறதா இருந்தா இவ்வளவு நீளமா எழுதத் தேவையில்லை. என் சண்டை நம்ம கூட்டத்தோட. பொட்டி தட்டற கூட்டம். சொந்தக்காரங்க "நீ தான் கம்ப்யூட்டர் லைன்ல இருக்கியே, என்ன வாங்கலாம்?"னு கேட்டா, ஆணி புடுங்கற அவசரத்துல "ஐ7, 16 ஜிபி வாங்கிக்கோங்க, சூப்பரா ஓடும்"னு சொல்லி போனை வைக்கிற கூட்டம். அந்த ஒத்தை வரி தான் கடைக்கு நேராப் போய், மேல இருக்கிற கொட்டேஷனா திரும்பி வருது.

ஐ7-ன்னா எந்த ஐ7?

முதல் ஐ7 வந்தது 2008 கடைசியில. பதினாலாம் தலைமுறை டெஸ்க்டாப் ஐ7 வந்தது 2023 அக்டோபர்ல. நடுவுல பதினஞ்சு வருஷம். இந்தப் பதினஞ்சு வருஷத்துல வந்த எல்லாத்துக்கும் பேர் ஐ7 தான். 2012-ல் வந்த ஐ7-3770-ல 4 கோர். 2016-ல் லேப்டாப்புக்கு வந்த ஐ7-7500யூ-வுல வெறும் 2 கோர். 2023-ல் வந்த ஐ7-14700கே-யில 20 கோர். மூணும் ஐ7. எங்க தாத்தா பேரும் என் பேரும் ஒண்ணு தான், அதுக்காக ரெண்டு பேரையும் ஒரே மூட்டையைத் தூக்கச் சொல்வீங்களா?

இன்னொரு கணக்கு பாருங்க. ஐ7-3770-ல 4 கோர், 8 த்ரெட். 2022 ஜனவரியில வந்த ஐ3-12100-லயும் 4 கோர், 8 த்ரெட். முன்னது அதிகபட்சம் 3.9 கிகாஹெர்ட்ஸ், பின்னது 4.3. காகிதத்துல ரெண்டும் அண்ணன் தம்பி. ஓடவிட்டுப் பார்த்தா "சின்ன" ஐ3 அந்தப் "பெரிய" ஐ7-ஐ ஓட ஓட விரட்டும். காரணம், ஒரு துடிப்புக்கு எவ்வளவு வேலை முடியுதுங்கிறது பத்து வருஷத்துல அவ்வளவு மாறிப்போச்சு. அதே நாலு ஆள் தான், ஆனா கையில இருக்கிற அரிவாள் வேற. இது கோர் எண்ணிக்கையிலயும் தெரியாது, கிகாஹெர்ட்ஸ்லயும் தெரியாது, ஐ-க்குப் பின்னாடி இருக்கிற ஒத்தை நம்பர்ல சுத்தமா தெரியாது.

இதுல வேடிக்கை என்னன்னா, இன்டெல்லே அந்த "ஐ"யைத் தூக்கிப் போட்டுடுச்சு. 2023 டிசம்பர்ல லேப்டாப்புக்கும் 2024 அக்டோபர்ல டெஸ்க்டாப்புக்கும் "கோர் அல்ட்ரா"ன்னு புதுப் பேர் வெச்சாச்சு. பெத்தவங்களே கைவிட்ட பேரை நாம தூக்கி வெச்சுக் கொண்டாடிட்டு இருக்கோம்.

38,000 ரூபாய்க்கு என்ன வந்தது?

எங்க சித்தப்பா கோவில்பட்டிக்காரர். பையன் 2025-ல் ப்ளஸ் டூ முடிச்சான். போன்ல வீடியோ எடுத்து எடிட் பண்ணணும், நடுநடுவே கேம் ஆடணும், அவ்வளவு தான் அவன் ஆசை. சித்தப்பா சீட்டு எடுத்த பணத்துல 38,000 ரூபாயை எடுத்துக் கொடுத்து, பக்கத்து ஊர்க் கடை ஒண்ணுல "கேமிங் பிசி" வாங்கிட்டார். ஒரு மாசம் கழிச்சு எனக்குப் போன். "தம்பி, ஐ7 தான்ப்பா வாங்கினோம். அவன் போன்ல எடுத்த வீடியோவைப் போட்டா திக்கித் திக்கி ஓடுது. இவன் ஏதும் கெடுத்துட்டானோ?"

ஊருக்குப் போனப்ப பொட்டியைத் திறந்து பார்த்தேன். பையன் ஒண்ணும் கெடுக்கலை. உள்ள இருந்தது இது தான்:

ப்ராசசர் ஐ7-3770. அது சந்தைக்கு வந்த வருஷம் பையன் எல்கேஜி.

மதர்போர்டு எச்61. பளபளன்னு புது போர்டு, ஆனா அந்தச் சிப்செட் 2011-ஐச் சேர்ந்தது. அதோட சாட்டா வேகம் நொடிக்கு 3 ஜிகாபிட். சாட்டா எஸ்எஸ்டி எதிர்பார்க்கிறது 6. ஆக எஸ்எஸ்டி வாங்கியும் பாதி வேகம் தான்.

கிராபிக்ஸ் கார்டு ஜிடி 730, 4 ஜிபி. 2014-ல் வந்தது. அதுல இருந்த கெப்ளர் சிப்புக்கு என்விடியா புது கேம்களுக்கான டிரைவரை 2021-லயே நிறுத்திடுச்சு. பாதுகாப்பு அப்டேட்டும் 2024 செப்டம்பரோட முடிஞ்சுது.

விண்டோஸ் 11, குறுக்கு வழியில போட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி இன்டெல்ல எட்டாம் தலைமுறைக்கு முந்தைய ப்ராசசர்களுக்கு, ஓரிரு விதிவிலக்கு தவிர, விண்டோஸ் 11 கிடையாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது.

வீடியோ ஏன் திக்குச்சு? இப்போ போன்கள் 4கே வீடியோவைப் பெரும்பாலும் எச்ஈவிசி-ங்கிற முறையில சுருக்கி சேமிக்குது. அதை விரிச்சுக் காட்ட ப்ராசசருக்குள்ளயோ கிராபிக்ஸ் கார்டுக்குள்ளயோ தனியா ஒரு சர்க்யூட் வேணும். ஐ7-3770-ல இருக்கிற எச்டி 4000-லயும் அது கிடையாது. கெப்ளர் ஜிடி 730-லயும் கிடையாது. யூடியூப் 4கே-வுக்குப் பயன்படுத்தற விபி9, ஏவி1 ரெண்டுக்கும் அதே கதை தான். மொத்த பாரமும் அந்த நாலு வயசான கோர் தலையில. திக்காம என்ன பண்ணும்?

கடைக்காரர் பொய் சொன்னாரா? ஒரு வார்த்தை கூட இல்லை. ஐ7-ன்னார், ஐ7 இருந்தது. 4 ஜிபின்னார், 4 ஜிபி இருந்தது. உண்மையை மட்டுமே சொல்லி ஏமாத்த முடியும்ங்கறதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியலை.

4 ஜிபி-ங்கிற மாயை

கிராபிக்ஸ் கார்டை ஜிபி-யில அளக்கிறது மொட்டை மாடி சின்டெக்ஸ் டேங்கைப் பார்த்துட்டு குழாயில தண்ணி பிச்சுக்கிட்டு வரும்னு நம்பற மாதிரி. டேங்க் எவ்வளவு பெரிசுங்கிறது ஒரு பக்கம். கீழே வர்ற குழாய் எவ்வளவு அகலம்? அந்தப் பையன் பொட்டியில இருந்த 64 பிட் டிடிஆர்3 ஜிடி 730-ல நொடிக்கு அதிகபட்சம் 14.4 ஜிபி தான் போய் வர முடியும். ஆர்டிஎக்ஸ் 3050-ன் 8 ஜிபி மாடல்ல 224 ஜிபி. டேங்க் ரெண்டு மடங்கு தான், குழாய் பதினஞ்சு மடங்கு.

கடைகள் மட்டும் தான் இந்த வேலையைப் பண்ணுதுன்னு நினைச்சா நீங்க அப்பாவி. கம்பெனிகளே குருநாதர்கள். 2017-ல் வந்த ஜிடி 1030-ல ஜிடிடிஆர்5 மெமரி, நொடிக்கு 48 ஜிபி. 2018-ல் அதே பேர்ல டிடிஆர்4 போட்டு ஒண்ணு விட்டாங்க, 16.8 ஜிபி. பேர் மாறலை, வேகம் மூணுல ஒரு பங்கு. 2022-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-க்கு 2560 கோர், 128 பிட். 2024-ல் வந்த "ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி"க்கு 2304 கோர், 96 பிட். பார்க்கிறவனுக்கு 2 ஜிபி மட்டும் கம்மின்னு தோணும், சிப்பே குறைஞ்சிருக்கு. அதே 2022-ல் "ஆர்டிஎக்ஸ் 4080 12 ஜிபி"ன்னு ஒண்ணு அறிவிச்சாங்க. 16 ஜிபி மாடல்ல இருந்து சிப்பே வேற. உலகம் பூரா காறித் துப்பினதும் கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே வாபஸ் வாங்கினாங்க.

இங்க தான் ஒரு பாடம் இருக்கு. வாபஸ் வாங்க வெச்சது எந்த நீதிமன்றமும் இல்லை. வாங்கறவங்க மாடல் நம்பரைப் படிச்சாங்க. அவ்வளவு தான்.

சரி, எதை முதல்ல பார்க்கணும்?

நம்ம ஆளுங்க ப்ராசசர்ல ஆரம்பிக்கிறாங்க. தப்பு. மானிட்டர்ல ஆரம்பிக்கணும். ஏன்னா கேம்ல வேலை பாரத்தை நிர்ணயிக்கறது திரை. 1920-க்கு 1080 திரையில சுமார் 20.7 லட்சம் புள்ளி. நொடிக்கு 60 தடவை வரையணும்னா 12.4 கோடி புள்ளி. அதே 4கே திரைன்னா ஒரு படத்துக்கே 83 லட்சம் புள்ளி, நாலு மடங்கு. இந்தப் புள்ளிகளை வரையறது கிராபிக்ஸ் கார்டு, ப்ராசசர் இல்லை. ஆக வரிசை இப்படித்தான்: திரை, அதை ஓட்டக்கூடிய கிராபிக்ஸ் கார்டு, அந்தக் கார்டைக் காக்க வைக்காத ப்ராசசர், இது எல்லாத்தையும் தாங்கற எஸ்எம்பிஎஸ். லைட் எரியற கேபினட் கடைசி. காசு மிஞ்சினா.

1080 திரைக்கு ஐ3-12100எஃப் இல்லேன்னா 6 கோர் உள்ள ஐ5-12400எஃப் போட்டு, மிச்சப் பணத்தைக் கார்டுல கொட்டினவன், ஐ9 வாங்கிட்டு கார்டுக்குக் காசு இல்லாம நின்னவனைத் தூக்கி சாப்பிடுவான். அதிலும் ஐ9-ங்கிற பேருக்கு மயங்கினவங்க கதை தெரியுமில்லையா? 13, 14-ஆம் தலைமுறை உயர் ரக ப்ராசசர்கள் தேவைக்கு மீறின வோல்டேஜ் வாங்கி, நாளாக நாளாக நிலை தடுமாறி, கேம் நடுவுல க்ராஷ் ஆகி, 2024 ஆகஸ்ட்ல இன்டெல் மைக்ரோகோட் திருத்தம் விட்டு, வாரண்டியை ரெண்டு வருஷம் நீட்டிக்க வேண்டி வந்தது. காசு ஜாஸ்தின்னா உழைப்பும் ஜாஸ்தின்னு எந்தச் சட்டமும் இல்லை.

மல்டிமீடியாவுக்கு வேற கணக்கு. 2022-ல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யை எடுத்துக்கோங்க. பேருக்கு கேமிங் கார்டு. ஆனா வீடியோவை எச்.264-லயோ எச்ஈவிசி-லயோ சுருக்கிக் கொடுக்கிற சர்க்யூட் அதுல கிடையாது, ஏவி1-ஐ விரிக்கிற சர்க்யூட்டும் கிடையாது. எடிட்டிங் பண்ற பையனுக்கு இதைக் கட்டி வெச்சா பாவம் சேரும். அதே மாதிரி, இன்டெல் ப்ராசசர் பேர் கடைசியில "எஃப்" இருந்தா உள்ள கிராபிக்ஸ் இல்லைன்னு அர்த்தம். கொஞ்சம் விலை குறையும். கேம் மட்டும் ஆடறவனுக்கு லாபம். வீடியோ எடிட் பண்றவனுக்கு குயிக் சிங்க்-ங்கிற வீடியோ எஞ்சினும் சேர்ந்து போயிடும், அவனுக்கு நஷ்டம். ஒரே எழுத்து. எந்தக் கொட்டேஷன்லயாவது இதைச் சொல்லியிருக்காங்களா?

படம் பார்க்கணும், பாட்டு கேட்கணும், எப்பவாவது வேலரண்ட் ஆடணும்னா தனி கார்டே வேணாம். ரைசன் 5 5600ஜி, கொஞ்சம் காசு இருந்தா 8600ஜி, உள்ளயே நல்ல கிராபிக்ஸ் இருக்கு. ஒரே நிபந்தனை, ரேமை ரெண்டு குச்சியா போடணும். டிடிஆர்4-3200 ஒத்தைக் குச்சியில நொடிக்கு 25.6 ஜிபி, ரெண்டு குச்சியில 51.2. அந்த உள் கிராபிக்ஸ் சாப்பிடறது இந்த ரேமைத் தான், அதனால ஒத்தைக் குச்சின்னா அதைப் பட்டினி போடறீங்க. கடையில 16 ஜிபின்னு எழுதி ஒரே குச்சியைச் சொருகி அனுப்புவாங்க, "பின்னாடி இன்னொண்ணு போட்டுக்கலாம் சார்"னு ஒரு சமாதானத்தோட. பின்னாடிங்கறது எப்போ? டேட்டா சென்டர்களோட ஏஐ பசியில 2025 கடைசியில ரேம் விலை எகிறினதைப் பார்த்தோமே. க்ரூஷியல்ங்கிற பேர்ல நமக்கு ரேம் வித்துட்டு இருந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே விட்டு விலகறதா 2025 டிசம்பர்ல அறிவிச்சுது. "பின்னாடி"யை நம்பினவங்க கதி அது.

யாரும் பேசாத எஸ்எம்பிஎஸ்

மேலே நான் காட்டின கொட்டேஷனைத் திரும்பிப் பாருங்க. கரண்டை வாங்கிக் கொடுக்கிற பொட்டி எங்க இருக்கு? இல்லை. "கேபினட்டோட வரும் சார்". இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் ஜென்மத்துக்கும் சண்டை போடத் தயார்.

450 வாட்டுன்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பான். பக்கவாட்டு லேபிளைப் படிங்க. ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் குடிக்கிறது 12 வோல்ட் லைன்ல இருந்து. அதுக்கு நேரா 16 ஆம்பியர்னு இருந்தா, 12-ஐயும் 16-ஐயும் பெருக்குங்க. 192 வாட். மிச்சம் 258 எங்கன்னா, இந்தக் காலத்து கம்ப்யூட்டர் அதிகம் தொடாத 5 வோல்ட், 3.3 வோல்ட் லைன்ல கூட்டிக் காட்டினது, இல்லைன்னா வெறும் ஸ்டிக்கர். நாலாங்கிளாஸ் பெருக்கல். எந்த இன்ஜினியரிங்கும் தேவையில்லை.

"80 ப்ளஸ் போட்டிருக்கு சார்" அடுத்த அஸ்திரம். 80 ப்ளஸ்ங்கிறது வாங்கற கரண்ட்ல எவ்வளவு வீணாகாமப் போகுதுங்கிற கணக்கு. அது முக்கியம் தான். ஆனா வோல்டேஜ் ஏறினா அணையுமா, ஷார்ட் ஆனா கட் ஆகுமா, வெளியில வர்ற 12 வோல்ட் சுத்தமா இருக்கா, இது எதுக்கும் அந்தச் சான்றிதழ் பொறுப்பில்லை. பாதுகாப்பு என்னென்ன இருக்கு, எத்தனை வருஷம் வாரண்டின்னு தனியாக் கேட்கணும். அஞ்சு வருஷம் வாரண்டி கொடுக்கிறவனுக்குத் தன் பொருள் மேல கொஞ்சமாவது நம்பிக்கை இருக்கும்.

நம்ம ஊர்ல இது இன்னும் முக்கியம். சாயங்காலம் லைட் மங்கும், கரண்ட் போய் வரும்போது குதிச்சுக்கிட்டு வரும், பாதி வீட்டுல எர்த் சரியா இருக்காது. கேபினட்டைத் தொட்டா சுர்ருன்னு ஒரு குத்து விழுதா? முதல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்க. எஸ்எம்பிஎஸ் செத்தா பல சமயம் தனியா சாகாது, மதர்போர்டையும் கார்டையும் துணைக்குக் கூட்டிட்டுப் போகும். யுபிஎஸ்-லயும் இதே ஏமாத்து தான். 600 விஏ-ன்னு வாங்கறது பொதுவா 360 வாட் தான் தாங்கும். மானிட்டரையும் சேர்த்துக் கணக்குப் போட்டுட்டு வாங்குங்க.

"உனக்கென்ன, சுலபமா சொல்லிட்டே"

வரப்போற பின்னூட்டங்களுக்கு இப்பவே பதில்.

"காசு இல்லாதவன் என்ன பண்ணுவான்? பழைய ஐ7 தானே கட்டுப்படியாகும்?" பழசு விக்கிறது குத்தமே இல்லை. பழசுன்னு சொல்லாம விக்கிறது தான் குத்தம். ஐ7-3770 இன்னிக்கும் டைப் அடிக்க, லினக்ஸ் போட்டு ப்ரோக்ராம் பழக தாராளமா போதும். "2012 ப்ராசசர், விண்டோஸ் 11 அதிகாரபூர்வமா ஓடாது, விலை இவ்வளவு"ன்னு சொல்லி வித்தா நானே வாங்கிக் கொடுப்பேன். அதை "கேமிங் பிசி"ன்னு சொல்லும்போது தான் எனக்கு ரத்தம் கொதிக்குது. நிஜமாவே பட்ஜெட் இடிச்சா, ஆபீஸ்ல இருந்து கழிச்சுக் கட்டின எட்டாம் தலைமுறை டெஸ்க்டாப் தேடுங்க. ஐ5-8500-ல 6 கோர், விண்டோஸ் 11 முறையா ஓடும். மேலே திட்டின அந்த 3050 6 ஜிபி-யே 70 வாட் கார்டு, பெரும்பாலான மாடல்களுக்குத் தனி பவர் வயர் வேண்டாம், இங்க சரியாப் பொருந்தும். கேபினட்ல கார்டு நுழையுமான்னு மட்டும் ஸ்கேல் வெச்சு அளந்துக்கோங்க. பாருங்க, ஒரே கார்டு ஒரு இடத்துல ஏமாத்து, ஒரு இடத்துல வரப்பிரசாதம். வித்தியாசம், என்ன வாங்கறோம்னு தெரிஞ்சு வாங்கறது மட்டும் தான்.

"இவ்வளவு தலைவலிக்கு லேப்டாப் வாங்கிடலாமே?" தூக்கிட்டு ஊர் சுத்தணும்னா வாங்குங்க. வீட்டு மேசையில தான் இருக்கப் போகுதுன்னா, டெஸ்க்டாப்போட பலமே துண்டு துண்டா மாத்திக்கலாம்ங்கறது தான். 2016-ல் வந்த ஏஎம்4 போர்டு சாக்கெட்டுக்கு 2024-லயும் புது ப்ராசசர் வந்தது. எச்61 போர்டு வாங்கினவனுக்கு மூணாம் தலைமுறைக்கு மேல போக வழியே இல்லை. அவனுக்கு அடுத்த அப்கிரேடு, மொத்தத்தையும் காயலாங்கடையில போடறது தான்.

"கடைக்காரரும் பொழைக்கணும்ல?" கண்டிப்பா. போன வருஷம் ரிச்சி தெருவுல ஒரு சின்னக் கடைக்காரர் என்கிட்ட சொன்னது: "சார், நான் ஐ3 பன்னெண்டாம் ஜெனரேஷன், நல்ல எஸ்எம்பிஎஸ்னு சொன்னா, கஸ்டமர் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போயிடறாரு. அங்க அதே விலைக்கு ஐ7-ன்னு சொல்வாங்க. ஒரு மாசம் வாடகை கட்ட முடியலைன்னா நானும் ஐ7 தான் சார் சொல்லணும்." அந்த மனுஷன் சொன்னதுல தான் மொத்த வியாதியும் இருக்கு. நாம தப்பான கேள்வி கேட்கிறதால, சரியான பதில் சொல்றவன் கடையைச் சாத்தறான். தப்பான பதில் சொல்றவன் ரெண்டாவது கிளை திறக்கிறான். நேர்மையான கடைகள் நமக்கு வேணும்னா, நேர்மையான கொட்டேஷனைப் படிக்கத் தெரிஞ்ச கஸ்டமர் அவங்களுக்கு வேணும்.

கொட்டேஷன்ல இருக்க வேண்டியவை

1. ப்ராசசரோட முழு மாடல் நம்பர், கடைசி எழுத்து உட்பட. பாக்ஸா, டிரேயான்னும் எழுதணும். டிரேன்னா பெரும்பாலும் கடைக்காரர் வாரண்டி தான்.

2. மதர்போர்டு கம்பெனி, மாடல். "எச்61"ங்கிற எழுத்தைப் பார்த்தா எழுந்து வந்துடுங்க.

3. ரேம் எத்தனை குச்சி, டிடிஆர் எத்தனை, என்ன வேகம். வீட்டுக்கு வந்ததும் பயாஸ்ல எக்ஸ்எம்பி போட்டிருக்கான்னு பாருங்க. இல்லைன்னா 3200-க்குக் காசு கொடுத்துட்டு 2400-ல ஓட்டிட்டு இருப்பீங்க.

4. கிராபிக்ஸ் கார்டு முழுப் பேர், மெமரி வகை, எத்தனை பிட்.

5. எஸ்எஸ்டி சாட்டாவா என்விஎம்ஈ-யா, கம்பெனி, மாடல்.

6. எஸ்எம்பிஎஸ் கம்பெனி, மாடல், 12 வோல்ட் ஆம்பியர், வாரண்டி வருஷம். இந்த வரி இல்லைன்னா மத்த அஞ்சையும் படிக்காதீங்க.

7. மானிட்டர் பேனல் வகை, ரெப்ரெஷ் ரேட். 144 ஹெர்ட்ஸ் வாங்கி விண்டோஸ்ல 60-லயே விட்டு வெச்சிருக்கிறவங்களையும், கார்டு இருக்க மானிட்டர் வயரை மதர்போர்டுல சொருகி வெச்சிருக்கிறவங்களையும் நான் கண்ணால பார்த்திருக்கேன் :-)

8. ஜிஎஸ்டி பில், அதுல ஒவ்வொரு பாகத்தோட சீரியல் நம்பர். "பில் இல்லாம 18 சதவீதம் மிச்சம் சார்"னு சொன்னா, மிச்சமாகறது அவருக்கு. ரெண்டு வருஷம் கழிச்சு கார்டு போனா கையில காட்ட ஒண்ணும் இருக்காது, அந்த நஷ்டம் உங்களுக்கு.

நம்ம கூட்டத்துக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை மாமாவோ, பெரியம்மாவோ, மாடி வீட்டு அங்கிளோ "என்னப்பா வாங்கலாம்?"னு கேட்டா ஐ-நம்பர்ல பதில் சொல்லாதீங்க. மூணு கேள்வி திருப்பிக் கேளுங்க: எந்தக் கேம், எந்த சாஃப்ட்வேர்? என்ன திரை? மானிட்டர், யுபிஎஸ் எல்லாம் சேர்த்து எவ்வளவு பணம்? அதுக்கு அரை மணி நேரம் ஆகும். ஆகட்டும். அது யாரோ ஒருத்தரோட சீட்டுப் பணம், போனஸ் பணம், நகை அடகு வெச்ச பணம். அந்த அரை மணி நேரம் கொடுக்க முடியலைன்னா "எனக்குத் தெரியாது"ன்னு சொல்லிடுங்க, புண்ணியமாப் போகும்.

அதுக்கும் நேரமில்லைன்னா, கடைக்குப் போறவர்கிட்ட ரெண்டே வார்த்தை சொல்லிக் கொடுத்து அனுப்புங்க. கடைக்காரர் பெருமையா "ஐ7 சார்"னு ஆரம்பிக்கும்போது கேட்கிறதுக்கு:

"எந்த ஐ7?"

டிஸ்கி: விலை எதுவும் எழுதலையேன்னு கேட்காதீங்க. ரேம் விலை ஆடற ஆட்டத்துல நான் எழுதி முடிக்கறதுக்குள்ள அது மாறிடும். மாடல் நம்பரைப் பிடிச்சுக்கோங்க, விலையை நாலு கடையில விசாரிக்கலாம். மாடல் நம்பர் இல்லாத விலைக்கு விசாரிக்கவே வழியில்லை.

டிஸ்கி 2: உங்ககிட்ட இந்த மாதிரி மாடல் பேர் இல்லாத கொட்டேஷன் இருந்தா, கடைப் பேரை அழிச்சுட்டு பின்னூட்டத்துல போடுங்க. எல்லாருமா உட்கார்ந்து கும்மி அடிப்போம்.